தனிய விடாதேங்கோ

தாயைத் தனிமையில் சந்திக்க வேண்டும், கேள்வி கேட்கும்போது பக்கத்தில் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வின் முதல் விதி. அந்த விதியை எழுதிய எங்கள் பேராசிரியை கெட்டிக்காரி. ஆனால் வட்டக்கச்சியில் பிள்ளை பிறந்த வீடொன்றுக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டார் என்று முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி வருட மாணவி. புதிதாகத் தாயானவர்களின் மனநிலை பற்றியது என் ஆய்வு. ஊருக்குள் வேலை செய்கிற ஓர் அமைப்போடு சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது வட்டக்கச்சிப் பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்று. அவர்கள் எனக்கு வீடுகளைக் காட்டுவார்கள். நான் கண்டதை அவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். ஏட்டில் பார்க்க நல்ல ஏற்பாடுதான். நான் தங்கியிருந்த பூவரசங்குளத்தில் இருந்து விடியக் கிளம்பி, வவுனியாவில் பஸ் மாறி, கிளிநொச்சியில் இறங்கினால் சங்கத் தலைவி ஸ்கூட்டியோடு நிற்பார். நான் சரியாக ஏறி இருக்க முதலே வண்டி நகர்ந்துவிடும்.

அவர் என்னைக் கூட்டிப்போன முதல் வீட்டில் இருந்தவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் வயதுக்காரி. மூத்த பிள்ளை, ஆண் பிள்ளை, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து கொஞ்ச நாள்தான். தாய் வீட்டில் இருந்தாள். கணவன் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவன். அறுவடைக் காலம் என்பதால் எங்கெங்கோ வயல்களில் நின்றான். நான் போனபோது அறைக்குள் அவள் கட்டில் விளிம்பில் பிள்ளையோடு இருந்தாள். அவளைச் சுற்றி அவளுடைய அம்மா, பக்கத்து வீட்டுப் பெண், சங்கத்தில் இருந்து துணைக்கு வந்தவர், அந்தத் துணைக்கு வந்தவரைத் தேடி வந்த இன்னொருவர். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"இந்தக் கிழமை மனம் விட்டுச் சிரிச்சனீங்களோ?" என்று நான் அவளிடம் கேட்டேன்.

"சிரிப்போ?" என்றார் அவளுடைய அம்மா. "இவள் சின்னனிலயே சிரிக்கிறது குறைவு, பிள்ளை. தேப்பன்ர சாடை."

தனியாகக் கதைக்க வேண்டும் என்று நான் பணிவாகச் சொன்னேன். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. "ஓமோம், அதுக்கென்ன, தாராளமாக் கதையுங்கோ" என்று எல்லோரும் எழும்பிக் கதவுக்கு வெளியே போய், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, அங்கிருந்தே மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். நித்திரை வருகிறதா என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் வந்தன. அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

சங்கம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற ஊர். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் ஒவ்வொரு வயலுக்கும் போகும். ஒருவருடைய முறை முடிந்தாலும் அடுத்த முறைக்காரர் வந்து சேரும் வரைக்கும் அவர் மடையை விட்டு அசைய மாட்டார். சங்கத்துப் பெண்கள் அதே முறையைப் பிள்ளை பிறந்த வீடுகளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், பின்னேரம் ஒருவர் வருவார்கள். சமைப்பார்கள், துணி தோய்ப்பார்கள், பிள்ளையைத் தூக்குவார்கள், ஊர்க்கதை கதைப்பார்கள். அடுத்தவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் முன்னவர் செருப்பைப் போடுவார். நான் படித்த புத்தகங்களில் இப்படி ஒன்று இருக்கவில்லை. பேராசிரியையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் பூரித்துப்போனார். இதைத்தான் நாங்கள் எழுத வேண்டும் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல.

எப்படியோ மெல்ல மெல்ல அவளுடைய பதில்களையும் வாங்கிவிட்டேன். பெரும்பாலும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, முணுமுணுப்பாக. ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி போடுவோம். புள்ளி கூடினால் மனம் சரியில்லை என்று பொருள். அவளுடைய புள்ளி நன்றாகக் கூடியிருந்தது. அப்படிக் கூடினால் சங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொல்வோம் என்று முதலிலேயே அவளிடம் சம்மதம் வாங்கியிருந்தோம். சொன்னேன். இந்தத் தாய்க்கு ஆதரவு இன்னும் தேவை என்றேன். அந்தச் சொல்லைத்தான் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள்.

சங்கம் உடனே வேலையில் இறங்கியது. ஒருவர் வந்த முறைக்கு இருவர் வந்தார்கள். இரவுக்கும் ஒருவர் பாயோடு வந்தார். அவள் கக்கூசுக்குப் போனாலும் வெளியே ஒருவர் நின்று கதைத்துக்கொண்டே இருப்பார். கணவன் எங்கோ வயலில் நின்று என் தொலைபேசிக்கு எடுத்து, "மிஸ், நான் அங்க இல்லை. தயவு செய்து அவளைத் தனிய விட்டிடாதேங்கோ" என்றான். பின்னால் மெசின் இரைந்தது. பயப்பட வேண்டாம், ஒருவரும் தனியே விட மாட்டார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பிள்ளைக்கு நிறை பார்க்கிற கிளினிக்கில் அவளைக் கண்டேன். அம்மா வரவில்லை. துணைக்கு வந்தவர் தடுப்பூசி பற்றிக் கேட்க உள்ளே போயிருந்தார். வெளியே மர வாங்கில் நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையும். அவள் அதுவரை என்னை மிஸ் என்றுதான் சொல்வாள்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கவோ?" என்றாள்.

"கேளுங்கோ."

"எனக்கு ஒரு மணித்தியாலம் தனிய இருக்கவேணும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள். "உவை எல்லாம் நல்ல ஆக்கள். நான் குறை சொல்லேல்லை. சொன்னா என்ர வாய்தான் அழுகிப்போகும். ஆனா எனக்கு மூச்சு முட்டுது. சின்னனில ஷெல்லுக்குப் பயந்து ஒளிச்ச பங்கருக்குள்ளயும் ஆக்கள். பிறகு முகாமில தறப்பாள் மறைப்புக்கு அங்காலயும் இஞ்சாலயும் ஆக்கள். ஹொஸ்டலிலயும் ஆக்கள். கலியாணம் கட்டின பிறகுதான் அவர் வேலைக்குப் போனா வீட்டில தனிய இருப்பன். அது எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமே? இப்ப அதுவும் இல்லை."

"தனிய இருந்து என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. கேட்கத்தான் வேண்டும். படித்ததும் அதுதான்.

"ஒண்டும் செய்யமாட்டன்" என்றாள். "சும்மா சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பன். நீங்கள் சொன்னா உவை கேப்பினம், அக்கா. நான் சொன்னா இன்னும் பயப்பிடுவினம்."

துணைக்கு வந்தவர் திரும்பி வந்துவிட்டார். அவள் உடனே பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

அன்றைக்கே தலைவியிடம் சொன்னேன். அவர் ஸ்கூட்டியை வாய்க்கால் ஓரமாக நிறுத்தினார். வழக்கமாக ஓட்டிக்கொண்டே கதைக்கிறவர். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, சங்கம் ஏன் துவங்கினது எண்டு உங்களுக்கு நான் சொல்லேல்லை" என்றார். "எங்கட பக்கத்து வளவில ஒரு பிள்ளை இருந்தவள். குழந்தை கிடைச்சு மூண்டு மாசம். 'அக்கா, நான் கொஞ்சம் தனிய இருக்கப்போறன், நீங்கள் போட்டு வாங்கோ' எண்டவள். நான் கடைக்குப் போட்டு வந்தனான். அவ்வளவுதான். வந்து பாக்கேக்க அவள் உயிரோட இல்லை."

அவர் ஹெல்மெட்டின் வாரைப் பூட்டினார், மறுபடி கழற்றினார்.

"நீங்கள் படிச்சனீங்கள். இவளுக்கு ஒண்டும் நடக்காது எண்டு பொறுப்பெடுப்பியளோ? எடுப்பன் எண்டு சொல்லுங்கோ, நாளைக்கே முறையை நிப்பாட்டுறன்."

அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கித்தான் கேட்டார். நான்கு வருடம் படித்ததில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. வயலில் கொக்குகள் நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேராசிரியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனநல மருத்துவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார் என்று அம்மா சொன்னார். மருந்து கொடுத்தார், அடுத்த தவணை சொன்னார். கடைசியில், இப்போதைக்கு ஆள் பக்கத்தில் இருப்பது நல்லது என்றும் சொல்லிவிட்டாராம். அவர் அப்படிச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வார்? மருத்துவரும் சங்கமும் அம்மாவும் கணவனும் நானும் ஒரு பக்கம். எல்லோருக்கும் அவள்மேல் அன்பு. எதிர்ப்பக்கத்தில் அவள் கேட்ட ஒரு மணித்தியாலம். இதில் ஒரு கெட்டவனாவது இருந்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது ஆள் கிடைத்திருக்கும்.

பிறகு ஒரு நாள் ஊரில் செத்தவீடு. சங்கத்தில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர். அம்மாவும் போக வேண்டும். முறைக்கு ஆள் இல்லை. "தங்கச்சி, இண்டைக்குப் பின்னேரம் மட்டும் நீங்கள் இருப்பியளோ?" என்று தலைவி கேட்டார். ஓம் என்றேன். என் கையில் சாவியைத் தருவதுபோலத்தான் அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் படலையைச் சாத்தினார்.

பிள்ளை விறாந்தையில் சேலையால் கட்டிய ஏணைக்குள் நித்திரை. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்தான்.

"அக்கா, நான் அறைக்குள்ள இருக்கப்போறன். கதவைச் சாத்துவன். பிள்ளை எழும்பினா கூப்பிடுங்கோ."

"சாத்துங்கோ" என்றேன்.

உள்ளே கதவுக் கொண்டி விழும் சத்தம் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். மூன்று மாதமாக இந்த ஊருக்கு வந்துபோகிறேன், முதல் முறையாக ஒருத்திக்கு அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டு இருந்தேன். கட்டில் கிறீச்சிட்டது கேட்டது. பிறகு ஃபேன் சத்தம். பிறகு ஃபேன் சத்தம் மட்டும்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். கட்டில் ஏன் மறுபடி கிறீச்சிடவில்லை? ஒரு மனுசி அசையாமல் இருப்பாளா? அந்த அறைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று மனம் தானாக ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது. அதை இங்கே எழுத மாட்டேன். தலைவி கடைக்குப் போய் வந்த கதை காதுக்குள் ஓடியது. எழும்பிப் போய் யன்னலைப் பார்த்தேன், திரை இழுத்துவிட்டிருந்தது. வந்து இருந்தேன். மறுபடி எழும்பினேன். ஒரு மணித்தியாலம் என்று கேட்டவளுக்குப் பத்து நிமிசமாவது ஆகியிருக்குமோ தெரியாது, எனக்கு ஒரு பகல் போய்விட்டது.

கதவுக்குப் பக்கத்தில் போய் மெல்லக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு விரலால் தட்டினேன். பிறகு என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாக ஞாபகமில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கதவில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். ஏணைக்குள் பிள்ளை வீரிட்டது. வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் "என்ன, என்ன" என்று ஓடி வந்தார்.

கதவு திறந்தது. அவள் நின்றாள். கன்னத்தில் தலையணை மடிப்பு அச்சாகப் பதிந்திருந்தது. கண் சிவந்து, முகம் ஊதி, எந்த உலகத்திலிருந்தோ எழும்பி வந்தவள்போல் என்னைப் பார்த்தாள். நித்திரையாகியிருந்தாள். அவ்வளவுதான். எத்தனை நாளுக்குப் பிறகோ, ஒருவரும் பார்க்காத இடத்தில் ஒரு நித்திரை.

"நீங்களுமோ, அக்கா?" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போனாள். எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். சீனி கூடிய அந்தத் தேத்தண்ணியை நான் குடித்து முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த கிழமை நான் போனபோது அறைக்கதவில் கொண்டி இல்லை. ஆணி கழன்ற ஓட்டைகள் மட்டும் இருந்தன. அன்றைக்கு நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறார். கணவன் ஒரு நாள் லீவு எடுத்து வந்து கழற்றிவிட்டுப் போயிருக்கிறான். அம்மா எனக்கு நன்றி சொன்னார். "நல்ல வேளை பிள்ளை, நீங்கள் நிண்டபடியால்" என்றார். நித்திரைதானே கொண்டாள் என்று நான் சொன்னேன். "ஓம், இந்த முறை நித்திரை" என்றார் அவர்.

அவள் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மிஸ் என்று கூப்பிடத் தொடங்கினாள். முறைக்கு வருகிறவர்களோடு நன்றாகக் கதைத்தாள், அவர்கள் சொல்லும் பகிடிக்குச் சிரித்தாள், தலையை இழுத்துப் பின்னி வைத்திருந்தாள். ஆய்வின் கடைசிக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போனபோது எல்லாவற்றுக்கும் தானே, சத்தமாக, யோசிக்காமல் பதில் சொன்னாள். மனம் விட்டுச் சிரித்தீர்களோ? ஓம், நல்லாச் சிரிக்கிறன். நித்திரை? குறையில்லை. பயம்? அப்பிடி ஒண்டும் இல்லை, மிஸ். கூட்டிப் பார்த்தால் புள்ளி அரைவாசிக்கும் கீழே போயிருந்தது.

மருந்து வேலை செய்திருக்கலாம். முறை வேலை செய்திருக்கலாம். மாதங்கள் போனால் சிலருக்குத் தானாகவே லேசாகிவிடும் என்பதும் உண்மை. அல்லது எந்தப் பதிலைச் சொன்னால் ஆட்கள் எழும்பி வீட்டுக்குப் போவார்கள் என்பதை அவள் கண்டுபிடித்திருக்கலாம். இதில் எது என்று கண்டறியத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. ஆய்வறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதினேன். அந்தப் பந்தி நன்றாக வந்திருக்கிறது என்று பேராசிரியை ஓரத்தில் குறித்திருந்தார்.

கடைசி நாள் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அவளுடைய வீட்டு விறாந்தையில் கூடினார்கள். என்னை வழியனுப்ப வடையும் கேசரியும். அவள் நடுவில் பிள்ளையோடு பாயில் இருந்தாள். தலைவி என் பக்கத்தில் இருந்தார். பெயரைச் சொல்லாமல், பொதுவாக, தாய்மாருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோசம். யாரைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். அவளும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

தலைவி கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப தங்கச்சி, இந்த வீட்டு முறையை இனி நிப்பாட்டலாமோ?" என்று கேட்டார். "நீங்கள் சொன்னாச் சரி. மற்ற வீடுகளுக்கும் ஆள் காணாது."

விறாந்தை முழுக்க என் வாயைப் பார்த்தது. அந்த மாதங்கள் முழுவதிலும் முதல் தடவையாக என் சொல்லில் ஒன்று நடக்கப்போகிறது. அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. மிஸ் என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை. நிப்பாட்டலாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற பயமும் கூடவே வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அக்கா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார் தலைவி. பெண்கள் தலையாட்டினார்கள். அவளுடைய அம்மா பெருமூச்சு விட்டு எனக்கு இன்னொரு வடை வைத்தார். அடுத்த கிழமை காலையில் யார், பின்னேரம் யார் என்று அங்கேயே கதைத்து முடிவெடுத்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபடியால்.